பட்டைச் செரிஃப் சாய்வெழுத்து

பட்டைச் செரிஃப் சாய்வெழுத்து என்பது, இலத்தீன் எழுத்துமுறைக்கான எழுத்துருக்களுள், கோடுகளின் முனைகளில் தடித்த பட்டை போன்ற செரிஃப்களைக் கொண்ட வகையின் சாய்ந்த வடிவம் ஆகும். அச்சுத்துறையினர் ஸ்லாப் செரிஃப், எகிப்தியன் ஆகிய பெயர்களால் வழங்கும் எழுத்துரு வகையே இங்கே பட்டைச் செரிஃப் எனப்படுகிறது. ராக்வெல், கிளாரெண்டன், கூரியர், சிசிலியா முதலியவை இவ்வகையைச் சேர்ந்த நன்கு அறியப்பட்ட எழுத்துருக்கள்.

பட்டைச் செரிஃப் எழுத்துருக்கள் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளம்பரத் தாள்களுக்காக உருவானவை. சாய்வெழுத்து அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர் விரைந்த கையெழுத்திலிருந்து உருவானது. ஒன்று அசையாத கட்டடம் போன்றது. மற்றது ஓடும் பேனாவின் தடம். இயல்பில் முரண்பட்ட இவ்விரண்டையும் ஒரே எழுத்தில் சேர்ப்பது வடிவமைப்பாளர்களுக்கு நீண்டகாலம் கடினமான பணியாகவே இருந்துவந்துள்ளது. நூலின் உடற்பகுதியை அச்சிடும் எழுத்துருவுக்குச் சாய்வு வடிவம் இன்றியமையாதது. ஆகவே பட்டைச் செரிஃப் எழுத்துரு தலைப்புகளுக்கு மட்டும் உரியதா, தொடர்ந்து வாசிப்பதற்கும் ஏற்றதா என்னும் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதன் சாய்வு வடிவத்திலேயே தங்கியுள்ளது.

சொற்பொருள்

செரிஃப் என்பது எழுத்தின் முதன்மைக் கோடுகளின் முனையில் காணப்படும் சிறு குறுக்குக் கோடு ஆகும். டைம்ஸ் நியூ ரோமன் போன்ற எழுத்துருக்களில் இது மெல்லியதாகவும், முனை நோக்கிக் கூர்மையடைவதாகவும் இருக்கும். பட்டைச் செரிஃப்பில் இக்குறுக்குக் கோடு ஏறத்தாழ எழுத்தின் தண்டு அளவுக்குத் தடிப்பானது. முனைகள் செங்கோணமாக வெட்டப்பட்டவை. தண்டும் செரிஃப்பும் சேரும் இடத்தில் வளைவு இல்லாதவை எகிப்தியன் அல்லது ஆன்டிக் என்றும், வளைவு உள்ளவை கிளாரெண்டன் என்றும் பிரிக்கப்படுவது வழக்கம்.

சாய்ந்த வடிவங்களும் இருவகைப்படும்.

- உண்மைச் சாய்வெழுத்து: கையெழுத்தை அடியொற்றித் தனியாக வரையப்பட்டது. எழுத்துகளின் அமைப்பே நேரெழுத்திலிருந்து வேறுபடும்.
- சரிவெழுத்து: நேரெழுத்தின் அமைப்பை மாற்றாமல் வலப்புறம் சரித்துப் பெறப்படுவது.

பொதுப் பேச்சில் இரண்டும் சாய்வெழுத்து என்றே குறிப்பிடப்பட்டாலும், இவற்றுக்கிடையேயான வேறுபாடு பட்டைச் செரிஃப் எழுத்துருக்களைப் பொறுத்தவரை முக்கியமானது.

வரலாறு

சாய்வெழுத்தின் தோற்றம்

சாய்வெழுத்தை முதன்முதலில் அச்சுக்குக் கொண்டுவந்தவர் இத்தாலியின் வெனிசு நகரில் அச்சகம் நடத்திய ஆல்டசு மனூட்டியசு ஆவார். இதற்கான அச்சுகளை வெட்டியவர் பிரான்செசுக்கோ கிரிஃபோ. 1501 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட வர்ஜிலின் பாடல்கள், முழுவதும் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூலாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் சாய்வெழுத்து வலியுறுத்தலுக்கு உரியதாக இருக்கவில்லை. அது தனித்து நூல் அச்சிடுவதற்கான எழுத்தாகவே இருந்தது. நேரெழுத்துக்குத் துணையாக, ஒரே வரியில் வேறுபடுத்திக் காட்டுவதற்காக அதனைப் பயன்படுத்தும் வழக்கம் 16 ஆம் நூற்றாண்டின் போக்கிலேயே படிப்படியாக உருவானது.

பட்டைச் செரிஃப்பின் தோற்றம்

பிரித்தானியாவில் தொழிற்புரட்சியின் விளைவாக வணிக விளம்பரங்கள் பெருகின. தொலைவிலிருந்தும் கண்ணில் படக்கூடிய தடித்த எழுத்துகள் தேவைப்பட்டன. இலண்டன் அச்செழுத்து வார்ப்பாளரான வின்சென்ட் ஃபிகின்சு 1815 க்கும் 1817 க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆன்டிக் என்ற பெயரில் வெளியிட்ட எழுத்துரு, அச்சில் வந்த பட்டைச் செரிஃப்களுள் மிகப் பழையது எனப்படுகிறது. இராபர்ட் தோர்ன் என்பவர் உருவாக்கிய இத்தகைய எழுத்துகளை, அவரது மறைவுக்குப் பின் 1820 இல் ஃபான் தெரு வார்ப்பகத்தை வாங்கிய வில்லியம் தோரோகுட் எகிப்தியன் என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

எழுத்தின் வடிவத்துக்கும் எகிப்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. 1798 முதல் 1801 வரை நடைபெற்ற நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்புக்குப் பின்னர் ஐரோப்பாவில் எகிப்தியப் பொருட்கள் மீது ஏற்பட்ட மோகமே இப்பெயருக்குக் காரணம். 1816 ஆம் ஆண்டளவில் நான்காம் வில்லியம் காசுலன் வெளியிட்ட செரிஃப் இல்லாத எழுத்துருவுக்கும் இதே பெயர் சூட்டப்பட்டிருந்தது என்பது, அக்காலத்தில் இப்பெயர் எவ்வளவு தளர்வாகக் கையாளப்பட்டது என்பதைக் காட்டுகிறது. பின்னாளில் வந்த மெம்பிசு, கர்னாக் முதலிய எழுத்துருப் பெயர்களும் எகிப்திய இடப்பெயர்களே.

கிளாரெண்டன்

1845 ஆம் ஆண்டில் ஃபான் தெரு வார்ப்பகத்தின் இராபர்ட் பெசுலி கிளாரெண்டன் எழுத்துருவை வெளியிட்டார். இதற்கான அச்சுகளை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்சு. செரிஃப்கள் தண்டுடன் வளைந்து சேர்வதும், தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே ஓரளவு வேறுபாடு இருப்பதும் இதன் சிறப்பியல்புகள். வடிவமைப்புகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பெசுலி இதனைப் பதிவு செய்திருந்தார். ஆனால் பாதுகாப்புக் காலம் மூன்று ஆண்டுகள் மட்டுமே. அது முடிந்தவுடன் பிற வார்ப்பகங்கள் இதனைப் படியெடுக்கத் தொடங்கின. கிளாரெண்டன் என்பது ஒரு வகையின் பொதுப்பெயராகவே மாறியது. பெசுலி பிற்காலத்தில், 1869 இல், இலண்டன் மாநகர முதல்வரானார்.

கிளாரெண்டன் வெளியானபோது அதற்குச் சாய்வு வடிவம் இருக்கவில்லை. இதனைக் குறைபாடாக அன்று எவரும் கருதவில்லை. ஏனெனில், அகரமுதலிகளில் தலைச்சொற்களைத் தனித்துக் காட்டவும், மென்மையான உடற்பகுதி எழுத்துகளிடையே ஒரு சொல்லை அழுத்திக் காட்டவும் கிளாரெண்டனே பயன்பட்டது. வலியுறுத்தலே அதன் பணி என்பதால், வலியுறுத்தலுக்காக அதற்கென்று இன்னொரு வடிவம் தேவைப்படவில்லை. பட்டைச் செரிஃப் எழுத்துகளை நூலின் உடற்பகுதிக்கே பயன்படுத்த முற்பட்டபோதுதான் சாய்வு வடிவத்தின் இன்மை உணரப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டு

1920 களில் ஃபியூச்சரா போன்ற, வட்டம், நேர்கோடு ஆகியவற்றால் அமைந்த செரிஃப் அற்ற எழுத்துருக்கள் புகழ் பெற்றன. இதே வடிவியல் அமைப்பில் பட்டைச் செரிஃப்களைச் சேர்த்துப் புதிய எழுத்துருக்கள் உருவாயின. 1929 இல் செருமனியின் இசுட்டெம்பல் வார்ப்பகத்துக்காக ருடால்ஃப் வுல்ஃப் வடிவமைத்த மெம்பிசு இவற்றுள் முன்னோடியானது. 1930 இல் கியோர்க் டிரம்ப்பின் சிட்டி, 1931 இல் அமெரிக்காவில் மோரிசு ஃபுல்லர் பென்டனின் இசுட்டைமி, 1934 இல் பிரித்தானிய மோனோடைப் நிறுவனத்தின் ராக்வெல் ஆகியவை தொடர்ந்தன. வடிவியல் அடிப்படையைப் பின்பற்றிய இக்குடும்பங்களில் சாய்வு வடிவம் பொதுவாகச் சரிவெழுத்தாகவே அமைந்தது.

1967 இல் அட்ரியன் ஃபுருட்டிகர் வெளியிட்ட செரிஃபாவும் இம்மரபையே பின்பற்றியது. தனது யூனிவர்சு எழுத்துருவின் கட்டமைப்பில் பட்டைச் செரிஃப்களைச் சேர்த்து அவர் இதனை உருவாக்கினார். 1974 இல் வெளியான ஐடிசி லுபாலின் கிராஃப்பும், செரிஃப் அற்ற ஓர் எழுத்துருவான அவன்ட் கார்டு கோதிக்குக்குப் பட்டைச் செரிஃப் சேர்த்துப் பெறப்பட்டதே. கையெழுத்து மரபில் அமைந்த பட்டைச் செரிஃப் சாய்வெழுத்து பரவலான கவனத்தைப் பெற்றது 1990 இல் வெளியான சிசிலியாவுக்குப் பின்னரே.

சாய்வும் சரிவும்

உண்மைச் சாய்வெழுத்தின் இயல்புகள்

மரபான சாய்வெழுத்தில் பின்வரும் வேறுபாடுகளைக் காணலாம்.

- நேரெழுத்தில் இரண்டு அடுக்குகளாக இருக்கும் ஏ என்னும் சிற்றெழுத்து, ஒரே அடுக்காக மாறும்.
- எஃப் என்னும் சிற்றெழுத்தின் கால் வரிக்குக் கீழே இறங்கும்.
- என், எம், யூ ஆகிய சிற்றெழுத்துகளில் அடிப்புறச் செரிஃப்கள் மறைந்து, மேல்நோக்கி வளையும் சிறு இழுப்புக் கோடுகள் தோன்றும்.
- எழுத்துகள் பொதுவாக நேரெழுத்தைவிட ஒடுக்கமானவை.

இவற்றிலிருந்து, சாய்வெழுத்தின் அடையாளம் சாய்வு மட்டும் அன்று என்பது தெளிவாகும். டச்சு நாட்டு எழுத்தியல் அறிஞரான கெரிட் நூர்ட்சை (1931 - 2022) இதனைப் பேனாவின் இயக்கத்தைக் கொண்டு விளக்கினார். நேரெழுத்தில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் பேனா தாளிலிருந்து எடுக்கப்படுகிறது. சாய்வெழுத்தில் பேனா எடுக்கப்படாமல் அடுத்த கோட்டுக்குத் தொடர்கிறது. முன்னதை இடைவிட்ட கட்டமைப்பு என்றும், பின்னதைத் தொடர் கட்டமைப்பு என்றும் கூறலாம். இவ்விளக்கத்தின்படி, சிறிதும் சாயாமல் நிமிர்ந்து நிற்கும் ஓர் எழுத்தும் கட்டமைப்பில் சாய்வெழுத்தாக இருக்க முடியும்.

சரிவெழுத்தின் இயல்புகள்

சரிவெழுத்தைப் பெறுவது எளிது போலத் தோன்றினாலும், நேரெழுத்தை இயந்திரத்தனமாகச் சரிப்பதால் கோடுகளின் தடிப்பு சிதைகிறது. எடுத்துக்காட்டாக, 12 பாகை சரிக்கும்போது நேர்த் தண்டின் தடிப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு குறைகிறது. கிடையாக உள்ள செரிஃப் பட்டையின் தடிப்போ மாறுவதில்லை. வட்ட வடிவான ஓ எழுத்தில் விளைவு இன்னும் கூடுதலானது. அதன் மேல்-வலப்புறமும் கீழ்-இடப்புறமும் சுமார் 11 விழுக்காடு தடிக்கின்றன. மேல்-இடப்புறமும் கீழ்-வலப்புறமும் சுமார் 10 விழுக்காடு மெலிகின்றன. வட்டம் நீள்வட்டமாகி ஒரு பக்கம் இழுபட்டது போல் தோன்றும்.

நூல் எழுத்துகளில் தடித்த கோடும் மெல்லிய கோடும் இயல்பாகவே கலந்திருப்பதால் இக்குறை எளிதில் கண்ணில் படாது. ஆனால் பட்டைச் செரிஃப் எழுத்துருக்களின் அடையாளமே எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே தடிப்பில் இருப்பதுதான். அதனால் சிறு மாறுபாடும் உடனே தெரிந்துவிடுகிறது. தரமான சரிவெழுத்துகளில் வடிவமைப்பாளர், சரித்த பின்னர் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துகிறார்.

மோரிசனின் கருத்து

சரிவெழுத்தே சிறந்தது என்னும் கருத்தும் நிலவியது. பிரித்தானிய அச்சியல் அறிஞர் இசுட்டான்லி மோரிசன், 1926 இல் தி ஃபிளூரான் இதழில் எழுதிய கட்டுரையில், நேரெழுத்துக்குத் துணையாக வரும் சாய்வெழுத்து கையெழுத்துச் சாயலைக் கைவிட்டு, சரித்த நேரெழுத்தாகவே இருக்கவேண்டும் என வாதிட்டார். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது ஒருமைப்பாடு தேவை என்பது அவரது அடிப்படை. டச்சு வடிவமைப்பாளர் யான் வான் கிரிம்பனின் ரோமுலசு எழுத்துரு இக்கருத்தைப் பின்பற்றியது. ஆயினும் நடைமுறையில் இது நிலைபெறவில்லை. மோரிசனின் மேற்பார்வையில் 1932 இல் வெளிவந்த டைம்ஸ் நியூ ரோமனின் சாய்வெழுத்தே கையெழுத்து மரபைத் தழுவியதாக அமைந்தது.

நூல் எழுத்துகளில் தோல்வியுற்ற இக்கருத்து, பட்டைச் செரிஃப் எழுத்துருக்களில் மட்டும் பல பத்தாண்டுகள் நிலைத்தது. வடிவியல் முறையில் அமைந்த எழுத்துக்குப் பேனாவின் மரபு பொருந்தாது என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

வடிவமைப்புச் சிக்கல்

பட்டைச் செரிஃப்புக்குச் சாய்வு வடிவம் வரையும்போது வடிவமைப்பாளர் இருவேறு இழப்புகளுக்கிடையே தெரிவு செய்ய வேண்டியுள்ளது. கையெழுத்து மரபின்படி செரிஃப்களை நீக்கி இழுப்புக் கோடுகளைச் சேர்த்தால், எழுத்து தன் குடும்ப அடையாளத்தை இழக்கும். எல்லாப் பட்டைகளையும் அப்படியே வைத்துச் சரித்தால், அடிவரிசையில் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி நெரிசல் உண்டாகும். எழுத்து ஒடுங்கவும் இயலாது. அதனால் நேரெழுத்திலிருந்து போதிய வேறுபாடும் கிடைக்காது. வலியுறுத்தவேண்டிய சொல்லை வாசகர் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும்.

இச்சிக்கலுக்கு மூன்று வகையான தீர்வுகள் காணப்படுகின்றன.

1. முழுச் சரிவு: எல்லாப் பட்டைகளும் காக்கப்படும். ராக்வெல், செரிஃபா முதலியவை இவ்வகை.
2. மிகக் குறைந்த சாய்வும் ஒடுக்கமும்: சாய்வைக் குறைத்து, அகலத்தைக் குறைப்பதன் மூலம் வேறுபாடு உண்டாக்கப்படும். எரிக் கில்லின் யோவான்னா இதற்கு எடுத்துக்காட்டு.
3. கையெழுத்துக் கட்டமைப்பும் பட்டை முனைகளும்: எழுத்தின் எலும்புக்கூடு கையெழுத்தினுடையது, கோடு தொடங்கும், முடியும் இடங்கள் மட்டும் பட்டையாக வெட்டப்படும். சில இடங்களில் பட்டை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். சிசிலியா இவ்வகை.

வார்ப்பு இயந்திரங்களின் கட்டுப்பாடு

20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செய்தித்தாள்களும் பல நூல்களும் லைனோடைப் இயந்திரத்தில் வரிவரியாக வார்க்கப்பட்டன. இவ்வியந்திரத்தின் வார்ப்பச்சு ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று நேரெழுத்து, மற்றது அதன் சாய்வெழுத்து அல்லது தடித்த எழுத்து. இரண்டும் ஒரே உலோகத் துண்டில் இருந்ததால் அவற்றின் அகலமும் ஒன்றாகவே இருக்கவேண்டும். எனவே ஒடுக்கமாக இருக்கவேண்டிய சாய்வெழுத்து நேரெழுத்தின் அகலத்துக்கு விரிக்கப்பட்டது. எழுத்தின் பகுதிகள் அடுத்த எழுத்தின் இடத்துக்குள் நீள முடியாததால், எஃப் எழுத்தின் வளைவுகளும் குறுக்கப்பட்டன. இக்கட்டுப்பாட்டின் கீழ், அகலம் மாறாத சரிவெழுத்து இயல்பாகப் பொருந்தும் தீர்வாக அமைந்தது. ஒளியச்சுக் கோப்பும் பின்னர் கணினியும் வந்த பின்னரே இக்கட்டு நீங்கியது.

குறிப்பிடத்தக்க எழுத்துருக்கள்

ராக்வெல்

மோனோடைப் நிறுவனத்தில் பிராங்க் இன்மன் பியர்பான்ட்டின் மேற்பார்வையில் உருவாகி 1934 இல் வெளிவந்தது. 1910 இல் அமெரிக்காவில் வெளியான லித்தோ ஆன்டிக் என்னும் எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டது. பேரெழுத்து ஏ வின் உச்சியிலும் பட்டை அமைந்திருப்பது இதன் அடையாளம். இதன் சாய்வு வடிவம் சரிவெழுத்தே. தலைப்புகளில் உறுதியான தோற்றம் தரும் இவ்வடிவம் நீண்ட பத்திகளுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

யோவான்னா

சிற்பியும் எழுத்து வெட்டுநருமான எரிக் கில் 1930 - 31 இல் வடிவமைத்தது. அவரது மகளின் பெயர் இடப்பட்டது. 1931 இல் வெளியான அச்சியல் பற்றிய அவரது சொந்த நூல் இவ்வெழுத்துருவிலேயே அச்சிடப்பட்டது. செரிஃப்கள் மெல்லியவை ஆயினும் செங்கோணமாக வெட்டப்பட்டவை. சாய்வெழுத்து ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கும்; அதன் ஒடுக்கமே அதனை நேரெழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

கூரியர்

1950 களின் நடுப்பகுதியில் ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளுக்காக ஓவர்டு கெட்லர் வடிவமைத்தது. எல்லா எழுத்துகளும் ஒரே அகலம் கொண்டவை. சம அகல எழுத்துருக்களுக்குப் பட்டைச் செரிஃப் மிகவும் ஏற்றது. ஐ, எல் போன்ற ஒடுங்கிய சிற்றெழுத்துகள், அகன்ற பட்டைகளின் உதவியால் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. ஐபிஎம் நிறுவனம் இவ்வடிவத்துக்குத் தனியுரிமை கோராததால் பிற நிறுவனங்களும் இதனைப் பயன்படுத்தின. 1985 இல் வெளியான ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியில் அமைந்திருந்த எழுத்துருக்களுள் கூரியரும் அதன் சரிவு வடிவமும் அடங்கும். இச்சரிவின் கோணம் 12 பாகை; அகலம் நேரெழுத்தின் அகலமே.

சிசிலியா

இதன் முழுப்பெயர் பிஎம்என் சிசிலியா. முன்னெழுத்துகள் வடிவமைப்பாளரான பீட்டர் மத்தையாசு நூர்ட்சையைக் குறிக்கின்றன. இவர் மேலே குறிப்பிட்ட கெரிட் நூர்ட்சையின் மகன் ஆவார். த ஏக் நகரின் அரச கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 1980 களின் தொடக்கத்தில் இதனை வரையத் தொடங்கினார். 1990 இல் லைனோடைப் நிறுவனம் வெளியிட்டது.

அதுவரை வடிவியல் கருவிகளால் வரையப்பட்டு வந்த பட்டைச் செரிஃப்புக்கு, அகன்ற முனைப் பேனாவின் எழுத்தமைப்பை அடிப்படையாகக் கொண்டதே இதன் புதுமை. நேரெழுத்தின் வளைவுகள் முழுவட்டமாக இல்லாமல் கையெழுத்தின் ஓட்டத்தைக் காட்டும். சாய்வெழுத்து ஒடுக்கமானது; ஏ ஒற்றை அடுக்குடையது; சாய்வு மிதமானது; கோடுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் பட்டை வெட்டு காக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரே பத்தியில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் நிறம் மாறாமல் அமைகின்றன. எனினும் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது. இதன் வடிவங்கள் 45, 46, 55, 56, 75, 76, 85, 86 என எண்ணிடப்பட்டுள்ளன. முதல் இலக்கம் தடிப்பைக் குறிக்கும். இரண்டாம் இலக்கம் 5 ஆயின் நேரெழுத்து, 6 ஆயின் சாய்வெழுத்து. யூனிவர்சு எழுத்துருவுக்காக ஃபுருட்டிகர் வகுத்த முறை இது.

ஆர்ச்சரும் சென்டினலும்

ஆர்ச்சர், 2001 இல் மார்த்தா இசுட்டூவர்ட்டு லிவிங் இதழுக்காக ஓஃப்லர், ஃபிரியர்-யோன்சு நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. கோட்டு முனைகளில் காணப்படும் சிறு உருண்டைகள் இதற்கு மென்மையான தோற்றத்தைத் தருகின்றன. அதே நிறுவனம் 2009 இல் வெளியிட்ட சென்டினல், கிளாரெண்டன் மரபில் இல்லாதிருந்த சாய்வெழுத்தை வழங்கும் நோக்குடன் வடிவமைக்கப்பட்டது. பெசுலியின் எழுத்துரு வெளிவந்து 160 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரும் இத்தேவை உணரப்பட்டது குறிப்பிடத்தக்கது.

தட்டச்சில் சாய்வெழுத்து

வழமையான தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் அச்சுக்கோலிலும் இரண்டு குறிகள் மட்டுமே இருக்கும். சாய்வெழுத்துக்கு அங்கே இடம் இல்லை. எனவே சாய்வெழுத்தில் வரவேண்டிய சொற்களின் கீழ்க் கோடிடும் வழக்கம் உருவானது. கையெழுத்துப் படிகளிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் ஒற்றை அடிக்கோடு, அச்சுக்கோப்பவருக்கு "இதனைச் சாய்வெழுத்தில் கோர்க்க" என்னும் பணிப்பு ஆகும்.

1961 இல் வெளிவந்த ஐபிஎம் செலெக்ட்ரிக் பொறியில் அச்சுக்கோல்களுக்குப் பதிலாக 88 குறிகளைக் கொண்ட கோள வடிவ அச்சுறுப்பு இருந்தது. இதனைக் கழற்றி மாற்ற முடிந்ததால், ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் தட்டச்சு செய்ய விரும்புபவர் கோளத்தை மாற்றி அச்சொல்லை அடித்து, மீண்டும் பழைய கோளத்தைப் பொருத்தலாம். ஒரே ஆவணத்தில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் அலுவலக மேசையிலேயே கிடைப்பதற்கு இது வழி செய்தது.

ஆங்கிலத் திரைக்கதைகள் இன்றும் 12 புள்ளி அளவுக் கூரியரில் எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடத் திரை நேரத்துக்குச் சமம் என்பது அத்துறையினரின் பொதுக் கணக்கு. கணினி வந்த பின்னரும் அடிக்கோட்டு வழக்கம் திரைக்கதைகளில் தொடர்ந்ததற்குக் கூரியரின் சரிவு வடிவம் நேரெழுத்திலிருந்து போதிய அளவு வேறுபடாமையும் ஒரு காரணம் எனலாம். 2013 இல் திரைக்கதை ஆசிரியர் யோன் ஆகசுட்டின் முயற்சியால் ஆலன் டாக்-கிரீன் வடிவமைத்து வெளியான கூரியர் பிரைம், வெறும் சரிவுக்குப் பதிலாகத் தனியாக வரையப்பட்ட சாய்வெழுத்தைக் கொண்டுள்ளது.

2017 இல் ஐபிஎம் கட்டற்ற உரிமத்துடன் வெளியிட்ட பிளெக்சு மோனோ எழுத்துருவின் சாய்வெழுத்து, செலெக்ட்ரிக் கோளங்களில் இருந்த சாய்வெழுத்தை நினைவூட்டும் வகையில் அமைக்கப்பட்டது.

பயன்பாடுகள்

நூல்களும் இதழ்களும்: நூற்பெயர், கப்பற்பெயர், பிறமொழிச் சொல், உயிரினங்களின் அறிவியற் பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் எழுதுவது மரபு. பட்டைச் செரிஃப்பில் அச்சிடப்படும் பாடநூல்களிலும் இம்மரபைப் பேணவேண்டியிருப்பதால், நல்ல சாய்வு வடிவம் இல்லாத எழுத்துரு இவற்றுக்குப் பொருந்தாது.

செய்தித்தாள்கள்: பிரித்தானியாவின் த கார்டியன் நாளிதழ் 2005 செப்டெம்பர் 12 அன்று புதிய வடிவில் வெளிவந்தபோது, பவுல் பார்ன்சு, கிறித்தியன் சுவார்ட்சு ஆகியோர் வடிவமைத்த கார்டியன் எகிப்தியன் எழுத்துருவைப் பயன்படுத்தியது. பல தடிப்புகளில் அமைந்த இதன் நேரெழுத்துகளும் சாய்வெழுத்துகளும், செய்தியையும் கருத்துரையையும் வாசகர் பிரித்தறிய உதவின. 2018 இல் இதழின் வடிவம் மீண்டும் மாறியபோது தலைப்புகளுக்குப் புதிய எழுத்துரு வந்தது.

மின்னூல் கருவிகள்: 2007 நவம்பரில் வெளியான அமேசான் கிண்டில் கருவியில் சிசிலியா பயன்படுத்தப்பட்டது. அக்கால மின்மைத் திரைகளில் நுண்மையான கோடுகள் உடைந்து தெரிந்தன. சீரான தடிப்புள்ள கோடுகளும் பட்டை முனைகளும் இத்திரைகளில் தெளிவாக நின்றன. உண்மைச் சாய்வெழுத்து இருந்ததால் புதினங்களில் வரும் சாய்வெழுத்துப் பகுதிகளும் இயல்பாக அமைந்தன. 2015 இல் அமேசான் தனது புதிய புக்கர்லி எழுத்துருவை அறிமுகப்படுத்தியது.

விளம்பரமும் அடையாளமும்: சாய்ந்த பட்டைச் செரிஃப் எழுத்துகள் விரைவையும் வலுவையும் ஒருசேரக் காட்டுவதால் விளையாட்டு அணிகளின் உடைகள், பொதி உறைகள், சுவரொட்டிகள் ஆகியவற்றில் காணப்படுகின்றன. இங்கே குறுகிய சொற்களே இடம்பெறுவதால் சரிவெழுத்தின் குறைகள் பெரிதாகத் தோன்றுவதில்லை.

நிரலாக்கம்: கணினி நிரல்களை எழுதும் மென்பொருள்கள் பலவற்றில் விளக்கக் குறிப்புகள் சாய்வெழுத்தில் காட்டப்படுகின்றன. சம அகல எழுத்துருவில் சாய்வெழுத்தை ஒடுக்க இயலாது என்பதால், எழுத்துகளின் அமைப்பை மாற்றியே வேறுபாடு காட்டவேண்டியுள்ளது.

கணினியில் செயற்கைச் சாய்வு

எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாதபோது, சொற்செயலிகளும் உலாவிகளும் நேரெழுத்தைத் தாமாகவே சரித்துக் காட்டுகின்றன. வலைப்பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் சாய்வு, சரிவு ஆகிய இரண்டுக்கும் தனித்தனி மதிப்புகள் உண்டு. அதன் நான்காம் நிலை வரையறையில், கோணம் குறிப்பிடப்படாத சரிவு 14 பாகை எனக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு செயற்கையாகச் சரித்த எழுத்தில் மேலே கூறப்பட்ட தடிப்புச் சிதைவுகள் திருத்தப்படாமலே இருக்கும். பயனர் ஒருவர் இதனைக் கண்டறிய எளிய வழி, ஏ, எஃப் ஆகிய சிற்றெழுத்துகளைப் பார்ப்பதாகும். இரண்டும் நேரெழுத்தில் உள்ளவாறே இருந்தால் அது சரிவெழுத்து. ஓ எழுத்தின் மூலைகளில் தடிப்பு மாறுபட்டுத் தெரிந்தால் அது பெரும்பாலும் மென்பொருள் உருவாக்கியதே.

தமிழ் எழுத்துகளும் சாய்வும்

தமிழ் அச்சு மரபில், இலத்தீன் எழுத்தில் உள்ளது போன்று கையெழுத்திலிருந்து தனியாக வளர்ந்த சாய்வெழுத்து வகை இல்லை. தமிழில் சாய்வாகக் காணப்படுபவை சரிவெழுத்துகளே. வின்டோசு இயங்குதளத்துடன் வந்த லதா எழுத்துருவில் நேர், தடித்த வடிவங்கள் மட்டுமே உள்ளன. சாய்வு கோரப்பட்டால் மென்பொருளே எழுத்தைச் சரிக்கிறது. ட, ப, ம போன்று செங்கோணங்களைக் கொண்ட எழுத்துகள் அப்போது சாய்ந்த பெட்டிகளாகத் தோன்றுகின்றன.

எனவே தமிழில் ஒரு சொல்லை வலியுறுத்தத் தடித்த எழுத்தையோ மேற்கோள் குறியையோ பயன்படுத்துவது வாசிப்புக்கு எளிது. தமிழ்க் கட்டுரைகளின் இடையே உயிரினங்களின் அறிவியற் பெயர்களை இலத்தீன் எழுத்தில் தரும்போது மட்டும், உலக வழக்கையொட்டி அவற்றைச் சாய்வெழுத்தில் இடுதல் பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

- எழுத்துரு
- செரிஃப்
- சாய்வெழுத்து
- கூரியர் (எழுத்துரு)
- தட்டச்சுப் பொறி
- லைனோடைப்
- அச்சுக்கலை